கோப்பு நடக்கட்டும், குடும்பம் அலைய வேண்டாம்

1988 ஏப்ரலில், தில்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஒன்று சம்பந்தப்பட்ட விபத்தில் 38 வயது விஞ்ஞானி ஒருவர் உயிரிழந்தார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை. மாதச் சம்பளம் 4,004 ரூபாய். மனைவி, மூன்று சிறு பிள்ளைகள், பெற்றோர், தாத்தா என ஏழு பேர் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தீர்ப்பாயம் 1993இல் ஒரு தொகையைச் சொன்னது. போதாது என்று மேல்முறையீடு செய்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் அதை 7,19,624 ரூபாய் ஆக்கியது. உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் 8,84,870 ரூபாய் என்று முடித்துவைத்தது.

இருபத்தோரு ஆண்டுகள். அப்பாவை இழந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் படித்து, வளர்ந்து, பெரியவர்களாகி நின்ற பிறகுதான் அந்த வீட்டின் வழக்கு முடிந்தது. சட்டத்துக்கு அந்த வழக்கால் பெரிய நன்மை கிடைத்தது. சர்லா வர்மா தீர்ப்பு என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். இறந்தவரின் வயதுக்கு எத்தனை ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டும், அவருடைய சொந்தச் செலவுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற அட்டவணையை நாடு முழுவதற்கும் வகுத்துக் கொடுத்தது அது. அதற்கு முன்பு ஒவ்வொரு தீர்ப்பாயமும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தது. ஆனால், ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படி ஏறியதன் பலனாக நமக்கு ஓர் அட்டவணை கிடைத்தது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது.

விபத்து இழப்பீடு என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் உதவித்தொகை அன்று. கார், ஸ்கூட்டர், லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தேர்ட் பார்ட்டி பிரீமியமாக முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம் அது. என் வண்டியால் இன்னொருவர் வீட்டில் விளக்கு அணைந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அதைக் கட்டுகிறோம். கடன் பட்டவர்கள் நாம். கடன் கொடுத்தவர்கள் அலையக் கூடாது. தில்லியில் ஆண்டுதோறும் 1,400 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அவர்களில் நடந்து போனவர்களின் பங்கு மிகப் பெரியது. அந்தக் குடும்பங்கள் காவல் நிலையம், மருத்துவமனை, இன்சூரன்ஸ் அலுவலகம், நீதிமன்றம் என்று காகிதத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டுமா, அல்லது காகிதம் அவர்களிடம் வர வேண்டுமா? இந்தக் கேள்விக்குத் தில்லி பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சரியான பதிலைச் சொல்லிவிட்டது. அந்தப் பதிலைச் செயலாக்குவதில்தான் நம் ஒவ்வொருவரின் கையும் தேவைப்படுகிறது.

விபத்தைப் பற்றிப் பேசும்போது நம் கவனம் முழுவதும் தண்டனையின் மேல்தான் போகிறது. 1999 ஜனவரியில் லோதி காலனியில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் மோதி மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தலைமைத் தளபதி ஒருவரின் பேரன். பதின்மூன்று ஆண்டுகள் நாடே அந்த வழக்கைப் பேசியது. சாட்சி பிறழ்ந்ததைப் பேசியது, தண்டனை குறைந்ததைப் பேசியது. பேச வேண்டியதுதான். 2012இல் உச்ச நீதிமன்றம் அவரை 50 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போன விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் போக வேண்டும் என்றது. அந்தப் பகுதியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? குற்றவாளி சிறைக்குப் போனாரா என்று கேட்கும் ஊர், இறந்தவர் வீட்டில் அடுத்த மாத வாடகைக்கு வழி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

தில்லி சொன்ன பதிலுக்கு வருகிறேன். 2009 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜே.ஆர். மிதா ஒரு விபத்து வழக்கின் வழியாகப் புதிய நடைமுறை ஒன்றுக்கு உருக்கொடுத்தார். காவல்துறை, இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் சம்மதத்தோடு எழுதப்பட்ட நடைமுறை அது. 2010 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கியது. விசாரிக்கும் காவல் அதிகாரியே விபத்தின் முழு விவரத்தையும் திரட்டித் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி உண்மையா என்று அவரே சரிபார்க்க வேண்டும். இறந்தவரின் வயதுச் சான்று, வருமானச் சான்று, வாரிசுகள் யார் யார் என்பதையும் அவரே சேர்க்க வேண்டும். நிறுவனம் குறித்த நாளுக்குள் எவ்வளவு தருகிறோம் என்று சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர் வைத்து மனுப் போடும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். காவல்துறையின் அறிக்கையே மனு.

இது பிறகு பலமுறை திருத்தப்பட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. இப்போது விதி சொல்வது இதுதான்: விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போக வேண்டும். 10 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் அவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் தங்கள் விவரங்களை 30 நாட்களுக்குள் தர வேண்டும். 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கை. 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கை; தில்லி நீதிமன்ற வளாகங்களில் எல்லோரும் டி.ஏ.ஆர். என்று சொல்வது இதைத்தான். அது கிடைத்த 30 நாட்களில் நிறுவனத்தின் பொறுப்பதிகாரி தன் முடிவைச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கென்று காவல்துறையில் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

சட்டம் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? இனி இது மனிதர்கள் கையில் இருக்கிறது. எங்கெங்கே நழுவுகிறது என்று பார்த்தால், அதில் பல இடங்கள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

முதலில் வருமானம். இழப்பீட்டுக் கணக்கின் அச்சு அதுதான். தில்லியில் வீட்டு வேலை செய்யும் பெண்களில் தமிழர்கள் பலர். ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்படும்வரை அங்கே வாழ்ந்த பல குடும்பங்களின் பிழைப்பு அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் செய்த வீட்டு வேலைதான். அவர்களில் நரேலாவுக்கு மாற்றப்பட்ட ஒரு பகுதியினர் இப்போது அங்கிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து அதே வேலைக்கு வருகிறார்கள். பேருந்துக்காக ரிங் ரோட்டைக் கடக்க வேண்டியவர்கள்.

அப்படி ஒரு பெண், வயது 34, அவரை நம்பி வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகளில் கையில் வாங்கும் சம்பளம். ரசீது கிடையாது, வங்கிக் கணக்கிலும் வராது. விபத்துக்குப் பிறகு விசாரணை அதிகாரி வந்து கேட்கும்போது, துக்கத்தில் இருக்கும் கணவர் ஏதோ ஓர் எட்டாயிரம் வரும் என்று சொல்லிவிடுகிறார். அந்த எண் கோப்பில் ஏறுகிறது. 40 வயதுக்குக் கீழே என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின் விதி. நான்கு பேர் சார்ந்திருப்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிக்க வேண்டும். 34 வயதுக்குப் பெருக்கல் எண் 16. இரண்டும் 2009 அட்டவணைப்படி. எட்டாயிரம் என்றால் வருமான இழப்பு சுமார் 16 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய் வருகிறது. அதையே, 2025 ஏப்ரலில் தில்லியில் திறன் தேவைப்படாத வேலைக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியான 18,456 ரூபாயை வைத்துப் போட்டால் 37 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பத்தின் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே தொங்குகின்றன.

அந்த நான்கு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். இன்ன தேதியிலிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்தார், மாதம் இவ்வளவு கொடுத்தோம் என்று கையெழுத்திட்டுத் தர ஐந்து நிமிடம் ஆகும். போலீஸ், கோர்ட் என்று நம்மை இழுப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு இருப்பது புரிகிறது. தீர்ப்பாயத்தில் ஒருமுறை போய் அதை உறுதிசெய்ய வேண்டிவரலாம்; அதுவும் உண்மைதான். அந்த ஒரு முறைக்காகப் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்னும் எளிய வழி, சம்பளத்தை இன்றே வங்கிக் கணக்கில் போடத் தொடங்குவது. கடை உதவியாளருக்கும், டிரைவருக்கும், சமையல்காரருக்கும், டியூஷன் எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு வருமானமே இல்லை என்று கோப்பில் எழுதுவது இன்னொரு கொடுமை. 2014 ஏப்ரலில் தில்லியில் மோட்டார் சைக்கிளில் போன இளம் தம்பதியைக் கார் மோதியதில் இருவருமே இறந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பிணி. இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் வயதான தாத்தா பாட்டியும் மிஞ்சினார்கள். தீர்ப்பாயம் தந்த தொகையை உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 22 லட்சமாகக் குறைத்திருந்தது. 2021 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை 33.20 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி என்.வி. ரமணா தனியே எழுதிய பகுதியை ஒவ்வொரு விசாரணை அதிகாரியும் படித்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு இந்தியப் பெண் ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் என்ற அரசுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டி, அந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் சேர்ப்பது சலுகை ஆகாது என்று நிறுவினார் அவர்.

அடுத்து வண்டி வைத்திருப்பவர்கள். சட்டப்படி இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. ஆனால் நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் தேர்ட் பார்ட்டி பாலிசி இல்லாமல் ஓடுவதாகப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கவுன்சில் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. இதில் தில்லியின் காற்று மாசுக்கும் ஒரு பங்கு இருந்தது. புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நல்ல நோக்கம்தான். சான்றிதழ் எடுக்காதவர்கள் இன்சூரன்ஸையும் விட்டுவிட, அடிபட்டவர்கள் தலையில் அது விடிந்தது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீதிமன்றமே நீக்கிவிட்டது. இப்போது சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. 75 முதல் 150 சி.சி. வரையிலான சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய். இதைக் கட்டாதவர் ஒரு விபத்தில் சிக்கினால் இழப்பீடு முழுவதையும் தன் சொத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். அவரிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். தில்லி இதற்கும் ஒரு வழி கண்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் ஈடு காட்டாதவரை அதை விடுவிக்கக் கூடாது என்று தில்லியின் 2008ஆம் ஆண்டு தீர்ப்பாய விதிகள் சொல்கின்றன. அந்த விதியை எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பாலிசி இருந்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் இல்லாத மகனிடமோ மருமகனிடமோ சாவியைக் கொடுத்துவிட்டால், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலிக்க வரும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டியிருந்தால் பெற்றோருக்கே மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்துக்குப் பிறகு ஓட்டியவரை மறைத்து வேறு ஆளைக் காட்டுவது இதைவிடப் பெரிய பாவம். கோப்பே பொய்யில் தொடங்கினால் இழப்பீடு எந்தக் காலத்திலும் உரிய இடத்துக்குப் போகாது.

தெருவிலேயே முடித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பர் நசுங்கியது, கண்ணாடி உடைந்தது என்றால் பேசி முடிப்பதில் தவறில்லை. ஆள் மேல் அடிபட்டிருந்தால் கதை வேறு. தலையில் அடிபட்டவர் எழுந்து நடப்பார், பேசுவார். ராத்திரி நினைவு தப்பும். அதற்குள் கையில் இரண்டாயிரம் ரூபாயைத் திணித்து, ராஜியாகிவிட்டது என்று எழுதி வாங்கியிருப்பார்கள். மருத்துவமனைக்குப் போய் எம்.எல்.சி. எனப்படும் மருத்துவச் சட்டப் பதிவைச் செய்யாவிட்டால் பிறகு எதையும் நிரூபிப்பது கடினம். கூட்டத்தில் நிற்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் பேச்சு. அதே கூட்டம் ஓட்டுநரை அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அடிக்குப் பயந்து ஓடுகிற ஓட்டுநர்கள் நிறையப் பேர். அவர் ஓடிவிட்டால் வண்டி எண்ணும் போகும், பாலிசியும் போகும், அந்தக் குடும்பத்தின் இழப்பீடும் போகும்.

அப்படி ஓடிப்போன வண்டிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. இறந்தால் 25,000, படுகாயத்துக்கு 12,500 என்று வெகுகாலம் கிடந்த தொகை 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சமாகவும் ஐம்பதாயிரமாகவும் உயர்ந்தது. அந்த ஆண்டு நாட்டில் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் 205. தீர்க்கப்பட்டவை 95. இந்த எண்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததற்குக் காரணமானவர் கோயம்புத்தூர்க்காரர். கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், தன் மேசைக்கு வந்த நொறுங்கிய எலும்புகளோடு நிற்காமல் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். புதுக் காருக்கு மூன்றாண்டு, புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம் என்று 2018இல் வந்த உத்தரவு அந்த வழக்கில்தான் பிறந்தது. 2024 ஜனவரியில் அதே வழக்கில் இன்னோர் உத்தரவும் வந்தது: வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இந்த இழப்பீட்டைக் கேட்கலாம் என்று காவல்துறை குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால்கூடப் போதும், கோப்பு அசையும்.

இன்சூரன்ஸ் நிறுவனங்களின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். போலி விபத்து, வேறு எங்கோ விழுந்தவருக்கு வண்டியை ஒட்டவைத்த வழக்கு, ஒரே விபத்துக்கு இரண்டு ஊரில் மனு என்று அவர்கள் புகார் சொல்வது கற்பனை அன்று. உத்தரப் பிரதேசத்தில் போலி க்ளெய்ம்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கப்பட்டது. அதில் சிக்கிய வழக்கறிஞர்கள் மேல் நடவடிக்கை எடுக்காததற்காக அந்த மாநில வழக்கறிஞர் கவுன்சிலை 2021இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. ஒவ்வொரு போலி மனுவும் பத்து உண்மை மனுக்களின் மேல் சந்தேகத்தை ஏற்றுகிறது. வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசிக்கொள்வது வழக்கறிஞர் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தப் பேரம் நடக்கிறது. இதைத் தடுக்கும் பொறுப்பு வழக்கறிஞர் சங்கங்களுடையது.

ஆனால் போலியைக் காட்டி உண்மையையும் இழுத்தடிப்பதை ஏற்க முடியாது. காவல்துறையே ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்பிய பிறகும் நிறுவனம் வழக்கமான மறுப்பு மனு ஒன்றைப் போட்டு, ஐந்தாண்டு கழித்து லோக் அதாலத்தில் பாதித் தொகைக்கு முடிக்கச் சொல்வது நியாயமாகாது. அவசரத்தில் இருப்பவர் குறைவாக வாங்கிக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. 30 நாளில் சொல்லும் முதல் தொகையே அட்டவணைப்படி சரியான தொகையாக இருந்தால் பெரும்பாலான குடும்பங்கள் அன்றே கையெழுத்துப் போடும். வட்டியும் வழக்குச் செலவும் நிறுவனத்துக்கே மிச்சம்.

மருத்துவமனைகளின் பொறுப்பு சுருக்கமானது. எம்.எல்.சி.யையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் 15 நாளில் கொடுக்க வேண்டும். அவை இல்லாமல் டி.ஏ.ஆர். நகராது. பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று சொல்ல இனி வழியில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாட்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாடு இதை 2021 டிசம்பரிலேயே இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் செய்து காட்டியது.

நியூசிலாந்து 1974 முதல் வேறொரு வழியில் போகிறது. யார் தவறு என்று கேட்காமலே, விபத்தில் காயம்பட்ட எவருக்கும் பொது நிதியிலிருந்து சிகிச்சையும் வருமான ஈடும் கொடுக்கிறது. பெட்ரோல் மீதும் வண்டிப் பதிவின் மீதும் விதிக்கும் தீர்வை அந்த நிதிக்குப் போகிறது. நம் சட்டத்திலும் அதன் சிறு சாயல் உண்டு: தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் பெறலாம். நாமும் ஒருநாள் அந்தத் திசையில் மேலும் போக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை இருக்கிற நடைமுறையை ஒழுங்காக ஓட்டினாலே நிறையக் குடும்பங்கள் பிழைக்கும்.

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. குஜராத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் எழுதிய கடிதத்தால் தெரியவந்த செய்தி இது: அந்த மாநிலத்துத் தீர்ப்பாயங்களில் மட்டும் ஏறத்தாழ 282 கோடி ரூபாய் இழப்பீடு வாங்க ஆளில்லாமல் கிடந்தது. முகவரி மாறியிருக்கும், வழக்கறிஞர் சொல்லாமல் விட்டிருப்பார், முதியவர் இறந்திருப்பார். இனி மனுவிலேயே வங்கிக் கணக்கு விவரம் வாங்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் மொத்தமாகக் கைக்கு வந்தால் உறவினர்களும் தரகர்களும் சூழ்ந்துகொள்வது வேறொரு ஆபத்து. அதற்குத்தான் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ஆண்டுத்தொகை வைப்புத் திட்டத்தை வங்கிகளோடு சேர்ந்து கொண்டுவந்தது. தொகை வங்கியில் இருக்க, மாதாமாதம் ஒரு பங்கு குடும்பத்தின் கணக்குக்கு வரும். கிளை மேலாளர்கள் அந்தத் திட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதை முறித்துக் கொடுக்கச் சொல்லி வரும் மாமன் மச்சானுக்கு, கோர்ட் உத்தரவு இல்லாமல் முடியாது என்று திடமாகச் சொல்லவும் வேண்டும்.

கடைசியாக, மொழி. உரிமைகளைச் சொல்லும் அந்தப் பத்து நாள் படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கிடைத்தால், திரிலோக்புரியிலும் நரேலாவிலும் இருக்கும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அதை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளும்? தில்லித் தமிழ்ச் சங்கமும் பகுதிவாரியாக இருக்கும் நம் அமைப்புகளும் அதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்கலாம். துக்கம் கேட்கப் போகும்போது ஒருவர் அந்தத் தாளையும் எடுத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, படித்துச் சொல்லலாம். காலக்கெடுவையும் சொல்ல வேண்டும். 2019 திருத்தப்படி இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம்தான் அவகாசம். அந்த வரம்பின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பி யாரும் நாளைக் கடத்த வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் ஒதுங்க வேண்டியதில்லை. தில்லியின் ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும், தீஸ் ஹசாரியிலிருந்து துவாரகா வரை, சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. வழக்கறிஞரை இலவசமாகவே நியமித்துத் தருவார்கள்.